மலையா, சமவெளியா, ஊசியா, ஆபரேஷனா: அம்மாவின் முழங்காலுக்கு நாங்கள் போட்ட கணக்கு

அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து பேசும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். "அந்தக் குளிர்ல கிடந்துதான் அம்மாவுக்கு மூட்டு போச்சு, கீழ அனுப்பி வை." பக்கத்து வீட்டு அக்கா சொல்வது முடக்கத்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் இரண்டு நிறத்தில் மாத்திரை. கீழே ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தத்தை எடுத்துச் சுழற்றி மூட்டுக்குள்ளேயே திரும்பப் போடும் ஊசி என்றார்கள், இன்னொரு இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்த இரண்டாவது நிமிடத்திலேயே இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம் என்றார்கள். அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் 62 படிகளில் பாதியில் நின்று, ஏதோ செடியைப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு வலியை விழுங்குவார்.

வீடு கோத்தகிரி பக்கம். அம்மாவுக்கு வயது 64. இலங்கையின் பண்டாரவளையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, இந்த மலைக்கு வந்து 30 வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். முதுகில் மூட்டையோடு சரிவில் ஏறி இறங்கிய கால் அது. நான் டாக்டர் இல்லை, தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு வருஷமாக டாக்டர்களிடம் கேட்டதையும் தேடிப் படித்ததையும் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். அதை வைத்துத்தான் வீட்டில் முடிவு எடுத்தோம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த வாதம்?

எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு மூட்டு வலி, மூன்றும் மூன்று வேறு நோய். ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் வாதம்தான், அங்கேதான் தப்பே ஆரம்பிக்கிறது.

அம்மாவுக்கு இருப்பது தேய்மானம், டாக்டர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், நம் ஆட்கள் ஜவ்வு தேஞ்சுபோச்சு என்பார்கள். எலும்பு முனைகளில் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு கெட்டு, அடியில் இருக்கும் எலும்பும் ஓரத்தில் முள் முள்ளாக வளர்ந்து, மூட்டின் வடிவமே மாறிவிடுகிறது. வயது, உடல் எடை, பழைய அடி, வருஷக்கணக்கில் பாரம் தூக்கியது, குத்த வைத்து வேலை செய்தது எல்லாம் காரணம். மூட்டு வலிகளில் இதுதான் அதிகம் பேருக்கு வருவது. நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். காலையில் எழுந்ததும் பிடித்துக்கொள்ளும், ஆனால் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

அந்த அரை மணி நேரக் கணக்கை அப்போது யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அத்தையின் விரல்கள் தப்பித்திருக்கும். அப்பாவின் தங்கை, 41 வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மணிக்கணக்கில் கையை மூட முடியாது, இரண்டு கையிலும் ஒரேபோல மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கும், தேநீர் டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத்தான் தூக்குவார். கூடவே சோர்வு. எல்லோரும் பனியில் கொழுந்து பறிச்ச கை, அப்படித்தான் இருக்கும் என்றோம். மூன்று வருஷம் வலி மாத்திரையிலேயே ஓடியது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு வாத நோய் நிபுணர், அதாவது ருமட்டாலஜிஸ்ட், ரத்தப் பரிசோதனை செய்து முடக்குவாதம் என்றார். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சில ஊர்களில் சரவாங்கி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்கும் நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதில் காலம்தான் எல்லாம். ஆரம்ப மாதங்களிலேயே சரியான மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம், கோணிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

அத்தை இப்போது சாப்பிடுவது மெத்தோட்ரெக்ஸேட். வீட்டில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை என்று பெயர். பெயர் வைத்தது வேடிக்கைக்கு இல்லை, அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வேறு நாளில் ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ரத்த அணுக்களும் கல்லீரலும் பரிசோதனை. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் அதைத் தொடவே கூடாது, முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த நோய்க்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததால் அந்த நோய் இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது, நோய் இருந்தும் அது நெகட்டிவாக வருபவர்கள் நிறைய. அதனால்தான் ஆன்டி சிசிபி, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற மற்ற ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், கையைப் பிடித்தும் பார்க்கிறார்கள்.

சித்தப்பா கதை வேறு. பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். ஒரு நாள் ராத்திரி பாட்டிலும் போட்டி வறுவலும் முடித்துப் படுத்தவர் இரண்டு மணிக்கு அலறினார். கால் கட்டைவிரல் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. கவுட். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் இறங்குவது. அன்றைக்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் நார்மல் என்று வந்து எல்லோரும் குழம்பினோம். வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு குறைந்து காட்டுவது சகஜமாம், சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நீண்ட நாள் மருந்து எடுப்பவர்களுக்கு அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது குறி. மூன்று நோயில் மருந்தால் ஏறக்குறைய முழுதாகக் கட்டுப்படுத்தக்கூடியது இதுதான், ஆனால் மருந்தைப் பாதியில் விடுவதில் முதலிடமும் கவுட்காரர்களுக்குத்தான், சித்தப்பா உட்பட.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். இருபது முப்பது வயதுப் பையனுக்கு மாதக்கணக்கில் கீழ்முதுகு வலி, படுத்தால் அதிகமாகி நடந்தால் குறைகிறது என்றால் அது முதுகெலும்பைப் பிடிக்கும் வாதமான அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம், ஜிம்முக்குப் போனதால் வந்த பிடிப்பு என்று விடாதீர்கள். சோரியாசிஸ் என்ற தோல் நோய் இருப்பவர்களுக்கு அதோடு ஒட்டியே ஒரு மூட்டுவாதம் உண்டு. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் வலி தங்கலாம். அப்புறம், காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாக வீங்கினால் தைலம் தேய்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. உள்ளே சீழ் பிடித்திருந்தால் சில நாளில் மூட்டே போய்விடும்.

இதற்கு மேல் நான் எழுதுவது எல்லாம் அம்மாவின் நோய்க்கு, அதாவது முழங்கால் தேய்மானத்துக்கு மட்டும். அத்தைக்கு இருப்பதுபோல உங்களுக்கு இருந்தால் கீழே உள்ள ஒப்பீடு உங்களுக்கு இல்லை, நேராக ருமட்டாலஜிஸ்டைப் பாருங்கள்.

மலையில் இருப்பதா, இறங்கிவிடுவதா

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை விடாமல் பிடித்து, மூடுபனி வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும் நாட்களில் அம்மாவுக்கு வலி கூடத்தான் செய்கிறது. பிரிட்டனில் 2,600-க்கும் மேற்பட்டவர்கள் தினமும் தங்கள் வலியை செல்போனில் பதிவு செய்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. ஈரப்பதம் கூடிய, காற்றழுத்தம் குறைந்த நாட்களில் வலி கொஞ்சம் அதிகம் என்றுதான் அதிலும் தெரிந்தது. கொஞ்சம் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பும் தெரியவில்லை.

ஆனால் குளிர் மூட்டைத் தேய்ப்பதில்லை. தேய்ந்த மூட்டின் வலியை அது எழுப்பிவிடலாம், அவ்வளவுதான். குளிர்தான் காரணம் என்றால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிகளின் மூட்டு வார்டுகளில் நீலகிரிக்காரர்கள் மட்டும் அல்லவா படுத்திருக்க வேண்டும்? அங்கே வரிசையில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் பல்லடம், அவிநாசி, பொள்ளாச்சி.

மலை நிஜமாகவே கெடுதல் செய்வது வேறு விதத்தில், அது சரிவு. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் அதிகம் அடி வாங்குகிறது, உடம்பு முழுவதும் முன்னால் சரிய, மடங்கிய முட்டியும் தொடைத் தசையும் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அம்மா பாதிப் படியில் நிற்பது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. ஆக அண்ணன் வீட்டின் சமதரை ஒரு லாபம்தான், மறுக்கவில்லை. அங்கே வெஸ்டர்ன் டாய்லெட், லிஃப்ட், பத்து நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு.

இன்னொரு தட்டில் வைக்க வேண்டியது, போன வருஷம் சித்திரையில் அம்மா அங்கே இருந்த இரண்டு மாதம். மூன்றாவது மாடி. வெயிலுக்கு பயந்து வெளியே போகவில்லை, பேச ஆள் இல்லை, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தே இரண்டு மாதம் போனது. வலி குறைந்தது போலத்தான் இருந்தது, நடக்கவே இல்லையே, எப்படி வலிக்கும்? திரும்பி வரும்போது நாலு கிலோ கூடியிருந்தார், தொடை மெலிந்திருந்தது. முழங்காலுக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. தேய்ந்த மூட்டைத் தாங்குவதே தொடைத் தசைதான், அது போனால் பாரம் நேராக எலும்பில் இறங்குகிறது.

என் தீர்ப்பு: வாதத்துக்காக மட்டும் மலையை விட்டு ஆளைப் பிடுங்கி நடுவது வீண். மலை வீட்டைத் திருத்துவது மலிவு. கம்பளிக் காலுறையோ முட்டிக்கு வெதுவெதுப்பான உறையோ போட்டால் மூடுபனி நாட்கள் பாதி சமாளிக்கப்பட்டுவிடும்.

தைலம், கீரை, மாத்திரை

முடக்கத்தான் தோசை எனக்குப் பிடிக்கும், வாரம் ஒரு நாள் சுடுகிறேன். பெயரே முடக்கு அறுத்தான் என்று இருக்கிறது. மனிதர்களில் நடந்த நல்ல பெரிய ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை, கெடுதல் இல்லாத கீரை, சாப்பிடட்டும். ஊட்டி கடைகளில் விற்கும் நீலகிரித் தைலமும் வின்டர்கிரீன் தைலமும் தேய்த்த கொஞ்ச நேரம் சூடு கொடுக்கும். வின்டர்கிரீனில் இருப்பது ஆஸ்பிரினுக்கு உறவான மருந்து. இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை அள்ளிப் பூசக் கூடாது, குழந்தை கைக்கு எட்டவே கூடாது.

நான் பயப்படுவது லேபிள் இல்லாத பொட்டலத்துக்கு. மூன்றே நாளில் வலி போச்சு என்று புகழ் பெற்ற ஒரு சூரணத்தை அத்தை ஒன்றரை வருஷம் சாப்பிட்டார். முகம் வட்டமாக ஊதியது, இல்லாத சர்க்கரை வந்தது. உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று டாக்டர் பார்த்ததுமே சொன்னார். அதில் இன்னொரு கண்ணி, பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உண்மையான சித்த மருத்துவரிடம் போகிறவர்களை நான் சொல்லவில்லை, அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள்.

வலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் வேலை செய்யும், பொய் சொல்லவில்லை. ஆனால் வயிற்றில் புண், சிறுநீரகம், பிரஷர் என்று மூன்று பக்கமும் கணக்கு எழுதிக்கொண்டே போகும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது, அதோடு இதைத் தினமும் சேர்ப்பது சிறுநீரகத்துக்குக் கேடு என்று டாக்டர் கண்டித்தார். கல்யாணம், திருவிழா என்று அதிகம் நடக்க வேண்டிய நாளில், அதுவும் கேட்டுவிட்டு, ஒன்றிரண்டு நாள். மற்ற நாளில் டைக்ளோஃபினாக் ஜெல். முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு என்பதால் மேலே பூசுவதே ஓரளவு உள்ளே போகிறது, ரத்தத்தில் கலப்பது குறைவு. இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது அந்த ஜெல்தான்.

குருத்தெலும்பை வளர்க்கும் என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை பற்றி ஒரே வரி: அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

ஊசிகள்

மூன்று வகை சொல்வார்கள். ஸ்டீராய்டு ஊசி வீங்கிக் கிடக்கும் மூட்டைச் சில வாரம் அடக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. மருந்தே இல்லாத வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. மகள் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும் என்பது போன்ற அவசரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளலாம், பழக்கமாக வேண்டாம்.

ஜெல் ஊசி என்று சொல்லும் ஹயலூரானிக் ஆசிட், பெரிய பலன் இல்லை என்பதால் அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் 2019-ல் முழங்காலுக்கு அதைப் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசிதான் இப்போது எங்கே பார்த்தாலும் போர்டு போட்டு விற்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 288 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீரையும், யாருக்கு எது என்று சொல்லாமலே போட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, வித்தியாசம் இல்லை. 2021-ல் வெளியானது. அந்த கிளினிக்கில் மூன்று ஊசிக்குக் கேட்ட தொகை என் கடையின் மூன்று மாத வாடகைக்கு மேல். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். முட்டியில் துளை போட்டுக் கழுவிவிடுவதும் இதே கதைதான், 2002-லேயே வெறுமனே தோலைக் கீறித் தைத்து அனுப்பப்பட்ட நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டார்கள்.

கடைசியில் நின்றது இரண்டு: பயிற்சி, ஆபரேஷன்

இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று டென்மார்க்கில் நடந்தது, 2015-ல் வந்தது. ஆபரேஷனுக்குத் தகுதியான 100 பேர். 50 பேருக்கு முட்டி மாற்று ஆபரேஷனோடு மூன்று மாதப் பயிற்சி, 50 பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை மட்டும். ஒரு வருஷம் கழித்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேற்றம். சரி, அப்போ ஆபரேஷன்தானே என்றால், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்திருந்தது, அந்த 50 பேரில் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 13 பேர்தான். கடுமையான பக்க விளைவுகளும் ஆபரேஷன் பக்கம்தான் அதிகம். இந்த ஒரு ஆய்வை அண்ணன் அவன் பக்கம் சாட்சியாகவும் நான் என் பக்கம் சாட்சியாகவும் இழுத்தோம், இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

பயிற்சி என்றால் நடைப்பயிற்சி என்று நினைத்து சரிவில் ஏறி இறங்கி வலியைக் கூட்டிக்கொண்டவர்கள் இங்கே நிறைய. தேவை தொடைத் தசைக்கு வேலை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி முட்டியை இறுக்கி பத்து எண்ணும் வரை பிடிப்பது. மல்லாந்து படுத்து நேராக வைத்த காலை ஒரு சாண் தூக்குவது. அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இதுதான் கஷ்டம், இதுதான் பலன். முதல் இரண்டு வாரம் லேசாக வலி கூடும், அம்மா அப்போதே விட்டுவிடப் பார்த்தார். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் தொடர்ந்தால்தான் தெரியும் என்று பிசியோதெரபிஸ்ட் முதலிலேயே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்த்தி, தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், கேட்காமல் யாரும் வர மாட்டார்கள்.

அமெரிக்காவில் 156 பேரிடம் பிசியோதெரபியையும் ஸ்டீராய்டு ஊசியையும் மோதவிட்ட 2020 ஆய்விலும் ஒரு வருஷக் கடைசியில் ஜெயித்தது பிசியோதெரபிதான்.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு அம்மாவையே அசைத்தது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது. கொழுந்து எடை போட்டே வாழ்ந்தவருக்கு நான் வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கே குறைப்பது என்று பார்த்தால் சோற்றைவிடப் பெரிய திருடன் டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, மொத்தம் பன்னிரண்டு ஸ்பூன், ஏறக்குறைய 240 கலோரி. தேயிலை மலையில் இருந்துகொண்டு டீயை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சர்க்கரையை மட்டும் இரண்டு மாதத்தில் டீக்கு அரை ஸ்பூனுக்குக் கொண்டு வந்தோம், சோற்றிலும் ஒரு கரண்டி குறைத்தோம். எட்டு மாதத்தில் 74 கிலோ 69 ஆனது.

வீட்டில் செய்தது: வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடி, உயரமான நாற்காலி, அடுப்பு மேடை முன்னால் ஒரு ஸ்டூல். குச்சி பிடிக்க வெட்கப்பட்டார், பழைய தேயிலைக் கவாத்துக் கழியை இழைத்துக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டார். குச்சி வலிக்கிற காலின் எதிர்க் கையில் இருக்க வேண்டும், சினிமாவில் எல்லாம் தப்பாகவே பிடிப்பார்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

இடது முட்டிக்கு இதெல்லாம் போதுமாக இருந்தது. ராத்திரி தூங்குகிறார், சந்தைக்கு வருகிறார். வலதுக்குப் போதவில்லை. அது வளைந்துபோயிருக்கிறது, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, நடக்கும்போது பூட்டிக்கொள்கிறது. எட்டு மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும் இப்படி என்றால், அதற்கு மேல் பயிற்சி பயிற்சி என்று நான் பிடிவாதம் பிடிப்பது அம்மாவின் வலியில் என் கொள்கையை வளர்ப்பது.

முட்டி மாற்றுவதில் நல்லது என்ன? மாற்றிய முட்டிகளில் 82 சதவீதம் 25 வருஷம் கழித்தும் அப்படியே இருக்கின்றன என்று 2019-ல் பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துச் சொன்னார்கள். 64 வயதில் போட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கு அது ஒன்றே போதும். ஐம்பதிலேயே போட்டுக்கொள்பவர்களுக்குத்தான் பின்னால் இன்னொரு முறை திறக்க வேண்டிய வாய்ப்பு அதிகம், அவர்கள் தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். கெட்டது என்ன? நூறில் ஒருவர் இருவருக்குக் கிருமித்தொற்று வருகிறது, காலில் ரத்தம் உறையலாம், ஐந்தில் ஒருவர் ஆபரேஷனுக்குப் பிறகும் திருப்தி இல்லை என்கிறார். குத்த வைத்து உட்காருவதை மறந்துவிட வேண்டும், கோயிலில் முட்டி போடுவதும் சிரமம். மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள், ஆனால் இயல்பாக நடமாட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம், முழுதாகத் தேற ஒரு வருஷம்கூட ஆகும். அந்த வாரங்களில் வலியைப் பொறுத்துக்கொண்டு முட்டியை மடக்கிப் பழகாதவர்களுக்கு எவ்வளவு நல்ல டாக்டர் செய்தாலும் முட்டி விறைத்துவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றவர்களிடம் இடது காலுக்கு எதற்கு என்று கேட்டேன். எப்படியும் ஒரு நாள் செய்ய வேண்டியதுதானே என்றார்கள். எப்படியும் ஒரு நாள் சாகத்தான் போகிறோம் என்று அம்மா முணுமுணுத்தார்.

செலவில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பெரிய வித்தியாசம். உள்ளே வைக்கும் முட்டிக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது, சாதாரணமாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. அதன் பிறகு விலை மாறியிருக்கும், ஆனால் உச்ச விலை என்று ஒன்று இருப்பது தெரிந்தாலே பில்லைப் பிரித்துக் கேட்க வாய் வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு ஏற்கும் என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு மேஜையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக ஆகும் என்று சொன்ன ஓர் இடத்தில் கடைசி நேரத்தில் ஆகாது என்றார்கள்.

நாளும் பார்த்தோம், ஜோசியரிடம் இல்லை. ஐப்பசி கார்த்திகை வேண்டாம். 2009 நவம்பரில் மண்சரிவு வந்தபோது மலைச் சாலைகள் அடைபட்டது இங்கே யாருக்கும் மறக்காது, தையல் பிரிக்கும் நாளில் சாலையில் பாறை கிடந்தால் என்ன செய்வது? பொங்கல் முடிந்து தை நடுவில் வலது முட்டி மட்டும், கோயம்புத்தூரில். பிறகு ஆறு வாரம் அண்ணன் வீட்டில், லிஃப்டும் சமதரையும் பிசியோதெரபிஸ்டும் பக்கத்தில் இருக்க. ஆக அண்ணன் கேட்ட சமவெளி அவனுக்கு ஆறு வாரம் கிடைத்தது. பனியில் செடி தூங்கும் மாதங்கள் அவை, எங்கள் அரை ஏக்கரில் பறிக்கவும் பெரிதாக இருக்காது. கோடை மழை விழுந்து கொழுந்து எடுக்கும்போது அம்மா மேலே இருக்க வேண்டும், பறிக்க இல்லை, பறிப்பவர்களைக் குறை சொல்ல.

அதுவரை நாற்காலிப் பயிற்சி இரண்டு காலுக்கும் நிற்காது. தசை பலமாக இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு எழுவது சுலபம் என்று சொல்லியிருக்கிறார்கள். 62 படிக்கும் ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி போட வெல்டரிடம் கேட்டிருக்கிறேன், வந்து அளந்துகொண்டு போனார். அவர் சொல்லும் தொகையில் பாதி அண்ணன் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.